மனநல மருந்தை இரத்தத்தில் அளப்பது: வன்னி வெயிலில் ஒரு எண்ணின் பொருள்

மனநல கிளினிக்கில் ஒருவரிடமிருந்து இரத்தம் எடுக்கும்போது, கூட வந்த உறவினரின் மனத்தில் பெரும்பாலும் எழும் கேள்வி இது: குளிசையை ஒழுங்காக விழுங்குகிறாரா என்று இதில் தெரிந்துவிடுமா? இரத்தம் கொடுப்பவரின் மனத்திலோ, தன்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் இந்த ஊசியோ என்ற அச்சம் இருக்கிறது. கேட்கிறவரும் அஞ்சுகிறவரும் இந்தப் பரிசோதனையை ஒரு விசாரணையாகவே எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி எண்ணப்படும் இடத்தில் அதன் உண்மையான பயன் பாதிக்கு மேல் வீணாகிவிடுகிறது. இரத்தத்தில் மருந்தை அளப்பதன் முதல் வேலை நோயாளியைக் காப்பது. வெயிலும் வரட்சியும் சிறுநீரக நோயும் சேர்ந்திருக்கும், இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மனநலப் பிரிவில் எடுக்கப்படும் இரத்தத்தில் பெரும்பகுதி மருந்தின் அளவைப் பார்ப்பதற்கானதே அல்ல. மனச்சிதைவு நோய்க்கான ஒலான்சபின் எடுப்பவருக்குச் சீனியும் கொழுப்பும் பார்க்கிறார்கள். மனநிலையைச் சீராக்கும் லித்தியம் எடுப்பவருக்குத் தைரொயிட்டும் சிறுநீரகமும் பார்க்கிறார்கள். மனச்சிதைவுக்கான இன்னொரு மருந்தான குளோசபின் எடுப்பவருக்கு வெள்ளை அணுக்களை எண்ணுகிறார்கள். இந்தக் கடைசிப் பழக்கத்திற்குப் பின்னால் ஒரு துயரக் கதை உண்டு. 1975இல் பின்லாந்தில் குளோசபின் எடுத்த சிலருக்கு வெள்ளை அணுக்கள் அடியோடு வற்றி, தொற்று ஏற்பட்டு, அவர்களில் பலர் இறந்தார்கள். முதல் 18 வாரங்கள் வாராவாரம் அணுக்களை எண்ணும் ஒழுங்கு அந்த இழப்பிலிருந்து பிறந்தது. இவையெல்லாம் மருந்து உடலுக்கு என்ன செய்கிறது என்று பார்ப்பவை. உடல் மருந்தை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் மருந்தின் அளவை அளக்கும் பரிசோதனை.

ஒரே குளிசையை ஒரே அளவில் இருவருக்குக் கொடுத்தாலும் இரத்தத்தில் நிற்கும் அளவு ஒன்றாக இருப்பதில்லை. வன்னியில் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மட்டம் எங்கே நிற்கும் என்பது எவ்வளவு மழை பெய்தது என்பதை மட்டும் பொறுத்ததல்ல. துருசு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. ஈரலும் சிறுநீரகமும்தான் உடலின் துருசுகள். ஈரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகள் பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. சில மன அழுத்த மருந்துகளைச் சிதைக்கும் நொதியொன்று மந்தமாக வேலை செய்பவர்கள் ஐரோப்பியர்களைவிடத் தெற்காசியர்களிடையே அதிகம். மேலைநாட்டு நூல் சொல்லும் வழக்கமான அளவு எங்கள் ஊரில் ஒருவருக்குக் கூடிப்போய்விட இதுவும் ஒரு காரணமாகலாம்.

அளப்பதற்கு நேரம் மிக முக்கியம். ஒரு மருந்தைத் தொடங்கிய பிறகோ அளவை மாற்றிய பிறகோ இரத்தத்தில் அது ஒரு நிலைக்கு வர அதன் அரைவாழ்வுக் காலத்தைப்போல, அதாவது இரத்தத்திலுள்ள மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தைப்போல, ஏறத்தாழ ஐந்து மடங்கு செல்லும். லித்தியத்திற்கு ஐந்து முதல் ஏழு நாட்கள். அதற்கு முன் அளந்தால் கிடைப்பது ஏறிக்கொண்டிருக்கும் வழியில் அகப்பட்ட ஒரு எண். அடுத்தது, கடைசிக் குளிசைக்கும் ஊசிக்கும் இடையிலுள்ள மணித்தியாலங்கள். லித்தியத்திற்கு அது 12 மணித்தியாலம் என்று உலகெங்கும் வகுத்திருக்கிறார்கள். மேற்கோளாகக் காட்டப்படும் எல்லைகள் எல்லாம் அந்த 12 மணித்தியாலக் கணக்குக்கு உரியவை. துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்கிற ஒருவர், வழியில் மறந்துவிடுவோமே என்று காலைக் குளிசையை வீட்டிலேயே விழுங்கிவிட்டு வருகிறார். மூன்று மணித்தியாலத்தில் இரத்தம் எடுக்கப்படுகிறது. அறிக்கை உயர்ந்த அளவைக் காட்டுகிறது. நேரத்தைக் கேட்காத வைத்தியர் மருந்தைக் குறைக்கிறார். ஒரு மாதத்தில் அந்த நோயாளி நித்திரையற்று, ஓயாமல் பேசியபடி திரும்பி வரக்கூடும். பரிசோதனை பிழைக்கவில்லை. ஒரு கேள்வி கேட்கப்படாமல் போனது.

குழாயிலும் ஒரு பொறி உண்டு. இரத்தம் உறையாமலிருக்கப் பயன்படும் குழாய்களில் ஒரு வகை, லித்தியம் ஹெப்பாரின் பூசப்பட்டது. அதில் எடுத்த இரத்தத்தில் லித்தியத்தை அளந்தால், குளிசையே போடாத ஆளுக்கும் நச்சு மட்டத்தில் எண் வரும். அதேபோல், களி (ஜெல்) அடைத்த சில குழாய்கள் பழைய வகை மன அழுத்த மருந்துகளைத் தாமே உறிஞ்சி அளவைக் குறைத்துக் காட்டும். ஆளின் தோற்றத்துக்கும் அறிக்கைக்கும் கொஞ்சமும் பொருத்தமில்லை என்றால், மருந்தில் கைவைக்கும் முன் குழாயை விசாரிக்க வேண்டும்.

லித்தியத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். மனம் மிகையாகக் கிளர்வதும் ஆழ்ந்து சோர்வதும் மாறி மாறி வரும் இருதுருவ மனநிலைக் கோளாறுக்கு இதைவிட நெடுங்காலம் நின்று நிலைத்த மருந்து இல்லை. 1949இல் அவுஸ்திரேலிய மனநல வைத்தியர் ஜோன் கேட் இதன் பயனை எழுதினார். தற்கொலையைக் குறைக்கும் ஆற்றலுக்கு இவ்வளவு வலுவான ஆதாரம் கொண்ட மனநல மருந்துகள் மிகச் சில. ஆனால் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையிலுள்ள வெளி மிகக் குறுகியது. லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை பெரும்பாலோருக்குப் பொருந்தும். முதியவர்களுக்கு அதிலும் குறைவாக வைப்பார்கள். 1.5ஐத் தாண்டினால் நச்சு அறிகுறிகள் தொடங்கலாம். 2.0க்கு மேல் உயிருக்கு ஆபத்து.

லித்தியத்தை ஈரல் தொடுவதில்லை. அது கிட்டத்தட்ட முழுவதும் சிறுநீரகத்தால் வெளியேறுகிறது. சிறுநீரகம் லித்தியத்தையும் உப்பிலுள்ள சோடியத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடத்துகிறது. உடலில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்கிறது. கூடவே லித்தியத்தையும் பிடித்து வைக்கிறது. குளிசையின் எண்ணிக்கை மாறாமலே இரத்தத்தில் மருந்து ஏறிவிடுகிறது.

சோளகக் காற்று காய்ச்சும் மாதங்களில், சிறுபோக வயலில் காலையிலிருந்து நிற்கிற ஒருவரை எண்ணிப் பாருங்கள். வியர்வையில் உப்பும் நீரும் போகின்றன. மாலையில் இடுப்பு வலிக்கிறது. கடையில் இரண்டு டைக்குளோபினாக்கோ இபுப்ரோபெனோ வாங்கிப் போடுகிறார். இந்த வலி மருந்துகள் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைத் தடுக்கின்றன. அவருக்கு இரத்த அழுத்தமும் இருந்து எனலாப்ரில், லொசாட்டன் அல்லது தயசைட் வகைச் சிறுநீர்ப் பெருக்கி கொடுக்கப்பட்டிருந்தால் இன்னொரு தடை சேர்கிறது. உப்பைக் குறையுங்கள் என்று அந்தக் கிளினிக்கில் சொல்லியனுப்பியிருப்பார்கள். அதை ஒரே நாளில் அடியோடு நிறுத்தினால் மேலும் ஒன்று. ஒவ்வொன்றும் தனியே சிறியது. ஒரே வாரத்தில் எல்லாம் கூடினால் 0.8இல் அமைதியாக இருந்த எண் 2ஐத் தொட்டுவிடும்.

கந்தசஷ்டியில் ஆறு நாளும் உணவை ஒறுத்து நீர் மட்டும் அருந்துவோரும், றமழானில் பகல் முழுவதும் நீரும் அருந்தாதோரும் இங்கே இருக்கிறார்கள். விரதத்தை விடு என்று சொல்வது என் நோக்கமல்ல. நம்பிக்கை ஒருவரை வாழ வைத்திருக்கிற மண் இது. ஆனால் லித்தியம் எடுப்பவர் விரதத்துக்கு முந்தைய கிளினிக்கிலேயே அதைச் சொல்ல வேண்டும். வைத்தியரும் அதைக் கேட்டறிய வேண்டும். முன்கூட்டித் தெரிந்தால் வழி கண்டுபிடிக்கலாம்.

இதற்கெல்லாம் அடியில் சிறுநீரக நோய் இருக்கிறது. காரணம் இன்னும் உறுதிப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்டது. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளும் அதன் எல்லைக்குள் வருகின்றன. பெரும்பாலும் விவசாயிகளைத்தான் அது தாக்குகிறது. ஆரம்பத்தில் வலியோ வீக்கமோ காட்டாது. சிறுநீரில் புரதமும் அதிகம் போகாது என்பதால் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டியை மட்டும் நம்ப முடியாது. வயலில் பிடிக்கும் எலிக்காய்ச்சலும் சிறுநீரகத்தைத் திடீரென்று முடக்கக்கூடியது. ஆகவே இந்தப் பகுதியில் லித்தியம் தொடங்கும் முன் சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாற்றினின் அளவை இரத்தத்தில் பார்ப்பதை எவ்வளவு அவசரத்திலும் கைவிடக்கூடாது. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது குறைந்த அளவு. வரட்சி மாதங்களுக்கு முன்னும் ஒருமுறை பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

லித்தியம் கூடும்போது ஆள் எப்படித் தோன்றுவார்? மெல்லிய கை நடுக்கம் பெரிய நடுக்கமாகும். வாந்தி, வயிற்றோட்டம் வரும். அதனால் நீர் மேலும் குறையும், மருந்து மேலும் ஏறும். நடை தள்ளாடும், பேச்சுக் குழறும், பிறகு குழப்பமும் மயக்கமும். மாலை வேளையில் ஒழுங்கையில் தள்ளாடி வரும் ஆணைப் பார்த்தால் ஊர் என்ன நினைக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கள்ளுத் தவறணையிலிருந்து வருகிறார் என்று எண்ணி வீட்டார் வெட்கத்தில் படுக்க வைத்துவிடுகிறார்கள். விடியும்போது நிலைமை கைமீறியிருக்கும். லித்தியம் எடுப்பவர் தள்ளாடினால் அடுத்த குளிசையைக் கொடுக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். இந்த ஒரு செய்தி எல்லாக் குடும்பங்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.

எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பதையும் லித்தியமே கற்பிக்கிறது. ஒரே தடவையில் பல குளிசைகளை விழுங்கியவரின் இரத்தத்தில் 4 இருந்தும் அவர் தெளிவாகப் பேசக்கூடும். மருந்து இன்னும் மூளைக்குள் முழுதாகப் போகவில்லை. மாதக்கணக்காக எடுத்து மெல்ல மெல்லத் தேங்கியவருக்கு 2இலேயே வலிப்பு வரக்கூடும். இரத்த அளவு இறங்கிய பிறகும் மூளையிலிருந்து மருந்து மெதுவாகவே வெளியேறுவதால் குழப்பம் நாட்கணக்கில் நீளும். சிலருக்குத் தள்ளாட்டம் நிரந்தரமாகவே தங்கிவிடும். அதனால்தான் உணர்வு குன்றினாலோ வலிப்பு வந்தாலோ, எண் எதுவாக இருந்தாலும், இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய வேண்டும் என்று 2015இல் வெளிவந்த பன்னாட்டு நிபுணர் பரிந்துரை சொல்கிறது.

குளோசபினின் கதை வேறு. அதை வெளியேற்றுவது ஈரல். மில்லிலீற்றருக்கு 350 நனோகிராமுக்குக் கீழே பலருக்கு அது பலன் தருவதில்லை. 1000ஐத் தாண்டினால் வலிப்பு உள்ளிட்ட தீங்குகள் கூடுகின்றன. இந்த மருந்தின் அளவை ஆட்டிவைப்பது புகை. புகையிலை எரியும்போது உண்டாகும் கரிச் சேர்மங்கள் குளோசபினைச் சிதைக்கும் ஈரல் நொதியை முடுக்கிவிடுகின்றன. சிகரெட், பீடி, சுருட்டு எல்லாம் ஒன்றே. நிகோட்டினுக்கு இதில் பங்கில்லை. வெற்றிலையோடு புகையிலை மெல்லுகிறவருக்கு இந்த விளைவு இராது. சுருட்டை விட்டுப் புகையிலை மெல்லத் தொடங்கியவருக்கு, மருந்தைக் கூட்டாமலே அளவு ஏறும். விடுதியில் அனுமதித்ததும் புகை நிற்கிறது. ஒரு வாரத்துக்குள் அளவு பாதி மடங்கோ அதற்கு மேலோ உயரலாம். வீடு திரும்பிப் பழையபடி புகைக்கத் தொடங்கினால் அளவு விழுந்து நோய் திரும்புகிறது. விடுதியில் சுகமாக இருந்தவர் வீட்டுக்குப் போனதும் குழம்பினால், வீட்டுச் சூழலைக் குறைசொல்லும் முன் சிகரெட்டைப் பற்றிக் கேட்க வேண்டும்.

காய்ச்சலும் அப்படியே. கடுமையான தொற்றின்போது ஈரலின் அந்த நொதி அடங்கிவிடும். நெஞ்சுச் சளியோடு வந்தவர் திடீரென்று தூங்கி வழிந்தால், வாயூறல் பெருகினால், குளோசபின் ஏறியிருக்கிறதா என்று எண்ண வேண்டும். காய்ச்சல் என்பதால் வெள்ளை அணுக்களையும் அதே நேரத்தில் பார்த்தாக வேண்டும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். மனநிலையைச் சீராக்கவும் வலிப்புக்கும் கொடுக்கப்படும் வல்புரோயேற்றுக்கு லீற்றருக்கு 50 முதல் 100 மில்லிகிராம் என்பது வழக்கமான எல்லை. அதில் பெரும்பகுதி இரத்தப் புரதத்தோடு ஒட்டியிருப்பதால், உணவு குறைந்து புரதம் வற்றியவருக்கு எண் சரியாகத் தோன்றியும் தனித்துத் திரியும் மருந்து கூடியிருக்கலாம். அதே வகையிலான கார்பமசெப்பினுக்கு லீற்றருக்கு 4 முதல் 12 மில்லிகிராம். அது தன்னைச் சிதைக்கும் நொதியைத் தானே முடுக்குவதால் சில வாரங்களில் அளவு தானாக விழும். ஃபுளுஒக்சற்றின், சேற்றலின் போன்ற மன அழுத்த மருந்துகளில் இரத்த அளவுக்கும் சுகத்துக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது. வழக்கமாக அளந்து பயனில்லை. எந்த மருந்தை அளப்பது பயன் தரும் என்பதை ஜெர்மன் மொழி நாடுகளின் நிபுணர் குழுவொன்று நான்கு படிகளாகத் தரம் பிரித்து, 2017இல் திருத்திய பட்டியலை வெளியிட்டது. லித்தியம், குளோசபின், ஒலான்சபின், ஹலோபெரிடோல், அமிற்றிப்டிலின் ஆகியவை அதில் முதற்படியில் இருக்கின்றன.

இனி, அளவு குறைந்திருந்தால்? குளிசை போடவில்லை என்ற முடிவுக்குப் பாய்வதுதான் எங்கும் நடக்கிறது. எனக்கு இதில் கடும் மனவருத்தம் உண்டு. காசநோய்க்கு றிஃபாம்பிசின் எடுப்பவருக்குப் பல மனநல மருந்துகளின் அளவு சரிந்துவிடும். கர்ப்பகாலத்தில் சிறுநீரகம் வேகமாக வேலை செய்வதால் லித்தியம் குறையும். பிள்ளை பிறந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும், அப்போது கர்ப்பத்தில் கூட்டிய அளவு நஞ்சாகலாம். 2022 பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகளிலேயே மருந்துகள் தட்டுப்பட்டன. இருந்ததைப் பாதியாக்கி நாள் கடத்திய குடும்பங்களைக் கீழ்ப்படியாதவர்கள் என்று எப்படிச் சொல்வது? பஸ்ஸுக்குக் காசில்லாமல் ஒரு கிளினிக்கைத் தவறவிட்ட தாய் மருந்தை மறுத்தவளல்ல. எண் சரியாக இருப்பதும் எதையும் உறுதிப்படுத்தாது. மூன்று வாரம் விட்டுவிட்டுக் கடைசி வாரம் ஒழுங்காக விழுங்கியவருக்கும் லித்தியம் சரியாகவே காட்டும். பரிசோதனை கடைசிச் சில நாட்களை மட்டுமே அறியும்.

2009இல் போர் முடிவதற்கு முன்னும் பின்னும் இந்த மக்கள் பட்டவற்றை மறந்து இதைப் பேச முடியாது. போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் முகாமில் வரிசையில் நின்று, பதியப்பட்டு, விசாரிக்கப்பட்டவர்கள் இவர்கள். வன்னியின் கூட்டு உளக்காயத்தைப் பற்றி மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் 2010இல் எழுதிய ஆய்வு, சமூகத்துக்குள் நம்பிக்கையே எவ்வாறு சிதைந்தது என்பதைக் காட்டுகிறது. அப்படிப்பட்டவரிடம் இரத்தம் எடுத்து, “பொய் சொல்கிறீர்கள்” என்று அறிக்கையை நீட்டினால் அவர் அடுத்த மாதம் வரமாட்டார். “அளவு குறைந்திருக்கிறது அம்மா, என்ன கஷ்டம் வந்தது?” என்று கேட்டால் காரணம் வெளியே வரும்.

அளவுக்கு மீறி மருந்து விழுங்கியவரைக் கொண்டுவரும்போது இரத்த அளவுக்காகக் காத்திருக்கவே கூடாது. அமிற்றிப்டிலின் போன்ற பழைய மன அழுத்த மருந்துகளில் இருதய மின்வரைபு உடனடியாகவே பேசிவிடும்: அதில் இருதயக் கீழறைகளின் துடிப்பைக் காட்டும் கியூஆர்எஸ் அலையின் அகலம் 100 மில்லிசெக்கனைத் தாண்டினால் வலிப்புக்கும், 160ஐத் தாண்டினால் இருதயத் துடிப்புக் குழப்பத்துக்கும் அஞ்ச வேண்டும். மின்வரைபு இயந்திரம் கிராமப்புற வைத்தியசாலைகளிலும் இருக்கக்கூடியது. விழுங்கிய நேரத்தைக் கேட்டறிந்து, வெற்றுக் குளிசை அட்டைகளை உறவினர் கையோடு கொண்டுவந்தால், எந்த ஆய்வுகூடத்தையும் விட வேகமாக அது உதவும். உயிரை விட எண்ணுகிற நேரத்தில் பேச ஒருவர் வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது.

இளைஞர்களிடையே பரவும் போதைப் பொருட்களைக் கண்டறியும் பரிசோதனை வேறு இனம். அங்கே பெரும்பாலும் சிறுநீர்தான் பார்க்கப்படுகிறது. அண்மையில் உட்கொண்டிருக்கலாம் என்று மட்டும் அது சொல்லும். இப்போது போதையில் இருக்கிறாரா என்று சொல்லாது. நீண்டகாலம் கஞ்சா புகைத்தவரின் சிறுநீரில், விட்டுப் பல வாரங்களின் பின்னும் அது தெரியக்கூடும். துரிதப் பட்டி பொருளின் வடிவத்தை ஒத்த எதையும் பிடித்துக்கொள்ளும்: சேற்றலின் எடுப்பவருக்குத் தூக்க மருந்து என்றும், குளோர்புரோமசின் எடுப்பவருக்கு அம்பெற்றமின் என்றும் பொய்யாகக் காட்டலாம். மனநல மருந்து எடுக்கும் ஒரு பையன் “ஐஸ்” எனப்படும் மெத்தம்பெற்றமின் பாவித்தவனாகப் பெயர் வாங்குவதற்கு இது போதும். மறுபுறம், நரம்பு வலி மருந்தாக இருந்தும் போதைக்காகவும் பாவிக்கப்படும் பிரீகபலின் குளிசைகளை வழக்கமான பட்டிகள் பிடிப்பதே இல்லை. பட்டியில் தெரிந்ததைத் மூலக்கூறின் நிறையை அளந்து இனங்காணும் திணிவு நிறமாலை முறையில் உறுதிசெய்யும் வரை யாரையும் பாடசாலையிலிருந்தோ வேலையிலிருந்தோ நீக்கக்கூடாது.

இறந்தவரின் இரத்தத்தில் காணும் அளவுக்கும் எச்சரிக்கை வேண்டும். மரணத்தின் பின் சில மருந்துகள் ஈரலிலும் நுரையீரலிலும் இருந்து இருதய இரத்தத்துக்குக் கசிகின்றன. அமிற்றிப்டிலின் வகையில் இது அதிகம். ஒழுங்காக மருந்தெடுத்து இயற்கையாக இறந்தவர் நஞ்சருந்தியவர்போலத் தோன்றலாம். அதனால்தான் சட்ட வைத்திய அதிகாரிகள் தொடை நாளத்திலிருந்து மாதிரி எடுக்க விரும்புகிறார்கள். மாதிரி பத்தரமுல்லையிலுள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போய் அறிக்கை வரும் வரை, தற்கொலை என்ற சொல்லை அந்த வீட்டின் மீது யாரும் வைக்க வேண்டாம்.

மருந்தளவுப் பரிசோதனைக்கு மாதிரியை மாவட்டத்துக்கு வெளியே அனுப்ப வேண்டியிருக்கும் இடங்களில், முடிவு வருவதற்குள் நாட்கள் ஓடிவிடும். அந்த இடைவெளியில் செய்யக்கூடியவை இருக்கின்றன. கிளினிக் கொப்பியில் கடைசிக் குளிசையின் நேரமும் இரத்தம் எடுத்த நேரமும் எழுதப்படட்டும். இரத்த அழுத்தக் கிளினிக், ஆயுள்வேதம், தனியார் மருந்துக்கடை என்று எங்கே போனாலும் அதே கொப்பி கூடப் போகட்டும். லித்தியம் எடுப்பவரின் கொப்பி அட்டையில் சிவப்பு மையில், வலிக்குப் பரசிற்றமோல் மட்டும், என்று எழுதிவிட ஒரு நிமிடம் போதும். அதை எழுதுவதற்கு எந்த ஆய்வுகூடமும் தேவையில்லை. அடுத்த கிளினிக்கிலேயே தொடங்கலாம்.